அறுபது ரவையும் ஒரு ஸ்பிரிங்கும்

ஹூஸ்டனில் இருக்கும் என் மாமா மகன் ஓர் ஏஆர்-15 துவக்கு வாங்கியிருக்கிறான். அமெரிக்கப் படையின் எம்16 துவக்கின் பொதுமக்கள் வடிவம் அது. அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தான். "மச்சான், இதோடு வந்தது முப்பது ரவை பிடிக்கும் மகசின். அறுபது ரவைக்கு ஒன்று கடையில் இருக்கிறது, நூறு ரவைக்கும் இருக்கிறது. வாங்கினால் காசுக்குப் பெறுமதியா?" ரவை என்றால் தோட்டா, மகசின் என்றால் ரவைகளை அடுக்கித் துவக்கில் செருகும் பெட்டி.

துவக்கைக் கையில் பிடித்தே அறியாத என்னிடம் இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொழும்பில், பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு, இரும்பும் ஸ்பிரிங்கும் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் நம்பிக்கை. பெரியம்மாவின் தையல் இயந்திரம் இறுகிப்போனாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். இந்த முறை அந்த நம்பிக்கை அவ்வளவு பிழையுமில்லை. மகசின் என்பது ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ரவைகளைத் தாங்கும் ஒரு தட்டு, பெட்டியின் வாயில் உள்நோக்கி வளைத்துவிட்ட இரண்டு உதடுகள். அவ்வளவுதான்.

பெறுமதியில்லை என்று அன்றைக்கே எழுதிவிட்டேன். ஏன் என்று அவன் திருப்பிக் கேட்டான். அதற்கான பதில் கைபேசியில் தட்டி அனுப்பும் அளவுக்கு அடங்கவில்லை.

இலங்கையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இங்கே ஆட்சி செய்கிறது. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் பயந்து வயல் காக்கும் விவசாயியிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ தோட்டா போடும் வேட்டைத் துவக்கு. தற்பாதுகாப்புக்கென்று சிலருக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளைக்கூட, 2024 நவம்பரில் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டுவிட்டது. அறுபது ரவை மகசின் வாங்கலாமா என்று வெள்ளவத்தையில் ஒருவன் சத்தமாகக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வருபவர்கள் சீருடையில் வருவார்கள்.

ஆனாலும் என் வயதுக் கொழும்புத் தமிழர்கள் மகசினை அறியாதவர்கள் அல்லர். சொல்லப்போனால், துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும் பல அமெரிக்கர்களைவிட நாங்கள் அதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறோம். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் எடுக்கச் சொல்லி வரிசையில் விடுவார்கள். அப்போது இராணுவத்தினனின் முகத்தைப் பார்ப்பது உசிதமில்லை. நிலத்தைப் பார்த்தால் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பான். பார்வை நடுவில் எங்கேயாவது தங்கியாக வேண்டும். அது தங்கிய இடம் ரி-56 துவக்கின், அதாவது ஏகே-47இன் சீனப் பிரதியின், மகசின். கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்பில் வெள்ளையாகத் தெரியும் இரும்பு. பக்கவாட்டில் வளைவோடு வளைவாக இறங்கும் வரம்புகள். அடித்தட்டில் வியர்வையும் எண்ணெயும் கலந்து படிந்த ஒரு கறை. சிலரிடம் இரண்டு மகசின்கள், ஒன்றுக்கு மற்றது தலைகீழாக, இன்சுலேஷன் டேப்பால் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். ஒன்று முடிந்தால் கழற்றித் திருப்பிச் செருக வேண்டியதுதான். முப்பதை அறுபதாக்கும் ஏழையின் வழி.

அந்த வழியின் குறையை எனக்குச் சொன்னவர் என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆயுதத் திருத்துநர் ஒருவர். இராணுவப் பட்டறையில் துவக்குகளைப் பிரித்துப் பூட்டியே நரைத்தவர். இப்போது முச்சக்கர வண்டி வைத்திருக்கிறார். கிளச் கேபிள் வாங்க வந்தாலும் அரை மணி நேரம் பேசாமல் போகமாட்டார். "கீழே பார்த்துக்கொண்டிருக்கும் மகசினின் வாய் எங்கே போகும் முதலாளி? சிப்பாய் குப்புறப் படுத்தால் நேரே மண்ணுக்குள். பிறகு அதைத் திருப்பிப் போட்டால் முதல் ரவையோடு மண்ணும் உள்ளே போகும். துவக்கு நின்றுவிட்டது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். துவக்கில் ஒன்றும் இருக்காது." அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் அந்த 'ஒன்றும் இருக்காது' என்பதில் இருந்த சலிப்பை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. துவக்கு இறுகினால் முதலில் மகசினைச் சந்தேகப்படு. அதன் பிறகு ரவையை. துவக்கைக் கடைசியில். துவக்கைச் செய்தவர்கள் தடித்த உருக்கில் செய்தார்கள். மகசினைச் செய்தவர்கள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தார்கள். கீழே விழுவதும் நசுங்குவதும் அதுதான்.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருகிறேன். இங்கே சற்று மெதுவாகப் போக வேண்டும்.

ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு பலமாக அது திருப்பித் தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த ஹூக்கின் விதிதான். மகசின் நிறைய ரவை இருக்கும்போது ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, மேல் ரவையை உதடுகளோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது. ரவையைக் குழலுக்குள் ஏற்ற முன்னும் பின்னும் ஓடும் இரும்புக் கட்டைதான் போல்ட். அது மேல் ரவையைப் பின்னாலிருந்து உராய்ந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். நெருக்கம் கூடிவிட்டால் ரவை நகராது, அல்லது மகசினைத் துவக்கில் செருகும்போதே கொளுவாது. கடைசி இரண்டு மூன்று ரவைகளில் நிலைமை நேர்மாறு. ஸ்பிரிங் நீண்டு தளர்ந்துவிட்டது, தள்ளுவதற்குப் பலமில்லை. ஆனால் போல்ட் அதற்காகக் காத்திருப்பதில்லை. ரி-56 போன்ற துவக்கு தானியங்கியாகச் சுடும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 600. ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு வினாடி. விசையை ஒவ்வொரு முறையாக அழுத்திச் சுட்டாலும் போல்ட் பின்னே போய் முன்னே வருவது ஏறக்குறைய அதே வேகத்தில்தான். அந்தப் பத்தில் ஒரு வினாடியிலும் ஒரு பகுதிக்குள், அடுத்த ரவை மேலே ஏறி, சரியான கோணத்தில் நின்றுவிட வேண்டும்.

ஆக, நிரம்பியிருக்கும்போது அளவுக்கு மிஞ்சித் தள்ளக்கூடாது, முடியும்போது அளவுக்குக் குறைந்தும் தள்ளக்கூடாது. முப்பது ரவை அடுக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங் செய்பவனுக்கு இடமிருக்கிறது. அடுக்கு நீள நீள அந்த இடம் சுருங்குகிறது. ஸ்பிரிங்கை நீட்டினால் அது பெட்டிக்குள் பக்கவாட்டில் நெளிந்து சுவரில் உரசும். கம்பியைத் தடிப்பாக்கினால் நிரம்பும்போது இறுகும். மெல்லியதாக்கினால் அறுபது ரவையின் பாரத்தைத் தூக்கி எடுக்கும் வேகம் போதாது. வால்வு ஸ்பிரிங் விற்பவனுக்கு இது புதிய தொல்லையில்லை. இயந்திரம் வேகமெடுக்கும்போது வால்வு மிதப்பதும் இதே கதைதான், ஸ்பிரிங் பிந்திவிடுகிறது.

அறுபது ரவைப் பெட்டிகள் நீளத்தைக் குறைப்பதற்கு வேறொரு வழி பார்த்தார்கள். வழக்கமான மகசினில் ரவைகள் இரண்டு வரிசையாக ஏறும். இதில் அடியில் நான்கு வரிசை. மேலே வர வர நான்கு இரண்டாகி, இரண்டு ஒவ்வொன்றாக வாயை அடைய வேண்டும். பாணந்துறை பஸ்ஸில் மாலை நேரத்தில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே எத்தனை பேரை அடைத்தாலும் இறங்கும் வாசல் ஒன்றுதான், அந்த வாசலில் இருவர் ஒரே நேரத்தில் தோளை நுழைத்தால் இருவருமே இறங்கமாட்டார்கள். நான்கு வரிசை இரண்டாகும் இடத்தில் ரவைகள் செய்வதும் அதுதான். நன்றாகச் செய்த பெட்டிகள் வேலை செய்கின்றன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு மணல் துகளோ ஒரு சிறு நசுங்கலோ முப்பதில் செய்யாத கெடுதியை இதில் செய்துவிடும்.

ஏஆர்-15க்கு இதற்கும் மேலே பிறவிக் குறை ஒன்று உண்டு. ஏகே குடும்பத்து ரவை அடியில் பருத்து நுனியை நோக்கிச் சரிந்தது. ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். அதனால்தான் அந்த மகசினுக்கு வாழைப்பழ வடிவம், துவக்கும் அந்த வளைவுக்கு இடம் கொடுத்தே செய்யப்பட்டது. ஏஆரின் ரவையிலும் சிறு சரிவு இருக்கிறது, ஆனால் துவக்கில் மகசின் நுழையும் குழி நேராக இருக்கிறது. முதலில் அதற்கு வந்தவை இருபது ரவைப் பெட்டிகள், நேராகவே இருந்தன. 1960களின் இறுதியில் முப்பது கேட்டபோது, மேல்பாதி நேர், கீழ்ப்பாதி வளைவு என்று ஒரு சமரசம் செய்தார்கள். நேரும் வளைவும் சேரும் இடத்தில் தட்டு சரிந்து ரவை மூக்கைக் குத்தும். அந்தத் தட்டைத் திருத்தித் திருத்தி, கடைசியாக அமெரிக்கத் தரைப்படை மேம்பட்ட மகசின் என்று ஒன்றை வெளியிட்டது 2009இல். வெறும் முப்பதைச் சரியாக்கவே நாற்பது வருடம் என்றால், அறுபதுக்கு எவ்வளவு என்று மச்சானே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய மகசின் மீதான ஆசையும் புதிதில்லை, அதைக் கைவிட்டதும் புதிதில்லை. தொம்சன் துவக்குக்கு 50, 100 ரவை டிரம்கள், அதாவது வட்டமான மகசின்கள், இருந்தன. படத்தில் பார்க்க மிடுக்காக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அவை பாரமாகவும் நிரப்ப மெதுவாகவும் நடக்கும்போது கலகலவென்று ஓசையிடுவனவாகவும் இருந்தன. 1942இல் அமெரிக்கா எளிமையாக்கிய எம்1 தொம்சனில் டிரம்மைப் பொருத்தும் காடியே இல்லை, நேர் பெட்டி மட்டும்தான். சோவியத் படையின் பிபிஎஸ்எச்-41க்கு 71 ரவை டிரம். ஒரு துவக்கின் டிரம் மற்றத் துவக்குக்குச் சரியாகப் பொருந்தாமல் தொல்லை கொடுத்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே 35 ரவை வளைந்த பெட்டியும் வந்துவிட்டது.

எனக்குப் பிடித்த விவரம் இதைவிடச் சிறியது. பிரித்தானியப் படையின் பிரென் துவக்குக்கு 30 ரவை மகசின். சிப்பாய்கள் அதில் 28 போடுவார்கள். வியட்னாமில் எம்16இன் 20 ரவை மகசினில் 18 போடுவார்கள். ஸ்பிரிங்குக்கு மூச்சுவிட இடம் விட்டார்கள். உயிரைத் துவக்கிடம் கொடுத்து வைத்திருந்தவன் கொள்ளளவைக் குறைத்தான். அறுபது கேட்பவன் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் துவக்கை வாரத்தில் ஒருநாள் வெளியே எடுப்பவன்.

பாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஆர் ரவை ஒன்று சுமார் 12 கிராம். முப்பதும் அலுமினியப் பெட்டியும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் அடங்கும். அறுபது என்றால் கிட்டத்தட்ட 900 கிராம். நூறு ரவை இரட்டை டிரம் 2 கிலோவைத் தாண்டும். துவக்கே மூன்று கிலோ சொச்சம்தான். அதன் வயிற்றில் 2 கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற நிலையில் குறிபார்க்கச் சொன்னால் கை சொல்லும் மீதியை. குப்புறப் படுத்துச் சுடுபவனுக்கு வேறு தொல்லை. மகசின் நிலத்தில் முட்டி, தலையும் தோளும் உயர்ந்துவிடும். இதனாலேயே ஏகேக்கு 20 ரவைக் குட்டை மகசின் செய்த நாடுகளும் உண்டு. ஹங்கேரி செய்தது.

குழல் சூடேறுவதும் இருக்கிறது. எம்16, எம்4 துவக்குகளைத் தொடர்ந்து சுடக்கூடிய வேகம் என்று அமெரிக்கப் படைக் கையேடு சொல்வது நிமிடத்துக்கு 12 முதல் 15 ரவை. அந்தக் கணக்கில் அறுபது ரவை நான்கு நிமிடத்துக்குப் போதும். நான்கு நிமிடத்தில் ஒரே ஒருமுறை மகசின் மாற்றும் வேலை மிச்சம். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

மகசின் மாற்றப் பழகியவனுக்கு அது இரண்டு மூன்று வினாடி வேலை. போட்டிகளில் சுடுபவர்கள் இரண்டு வினாடிக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். மச்சான் சுடப்போவது கூரை போட்ட ஒரு திடலில், காகித இலக்கை நோக்கி. இரண்டு வினாடி பிந்தினால் காகிதம் ஓடிவிடாது.

இங்கே எனக்குள் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டு மூன்று வினாடி, எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கு மிகப் பெரிய நேரம். 2011 ஜனவரி 8ஆம் திகதி அரிசோனாவின் டூசனில் ஒரு கூட்டத்தில் சுட்டவன் 33 ரவை மகசின் போட்ட கைத்துப்பாக்கியோடு வந்தான். அது முடிந்து அடுத்ததை மாற்ற முயன்றபோதுதான் அங்கிருந்தவர்கள் அவனைப் பிடித்து வீழ்த்தினார்கள். 2012 ஜூலையில் கொலராடோவின் அரோராவில் திரையரங்கில் சுட்டவனிடம் 100 ரவை டிரம் இருந்தது. அது இடையில் இறுகிவிட்டது. ஸ்பிரிங்கின் குறைபாட்டை இவ்வளவு நேரம் பழுது என்று எழுதினேன். அந்தத் திரையரங்கில் இருந்தவர்களுக்கு அது பழுதாகத் தெரிந்திருக்காது.

மகசின் கொள்ளளவுக்கு வரம்பு போடும் சட்டங்கள் எல்லாம் இந்த இடைவெளியைக் குறிவைத்தவை. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை நாடு முழுவதற்கும் பத்து ரவை வரம்பு இருந்தது, ஆனால் அதற்கு முன் செய்தவற்றை வைத்திருக்கலாம், விற்கலாம் என்று விட்டதால் பழைய பெட்டிகளுக்கு விலை ஏறியதுதான் கண்கண்ட பலன். கலிபோர்னியா, நியூயோர்க், நியூஜேர்சியில் இன்றும் பத்து. கொலராடோவில் பதினைந்து. டெக்சாஸில் வரம்பே இல்லை, ஆகவே மச்சானுக்குச் சட்டத்தால் தடையில்லை. கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள்ளேயே சட்டத்தை மாற்றியது. கனடாவில் பெரும்பாலான அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்கு ஐந்து. ரொறன்ரோவில் மான் வேட்டைக்குப் போகும் எங்கள் இன்னோர் உறவினர் முப்பது ரவைக்குச் செய்த பெட்டிக்குள் ஆணி அறைந்து ஐந்தோடு நிறுத்தியிருப்பதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மான் விழுந்திருக்கிறது என்பதும் அதே படத்தில் தெரிகிறது.

விளையாட்டாகச் சுடுபவர்களும் சிறிய எண்ணிக்கையோடுதான் வாழ்கிறார்கள். பனியில் சறுக்கிப் போய்ச் சுடும் பயத்லானில் ஒரு தடவைக்கு ஐந்து ரவை, ஐந்து இலக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல சுட்ட 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டையும் கையால்தான் போட வேண்டும். அறுபது தடவை சுட ஒன்றேகால் மணி நேரம் கொடுக்கிறார்கள். அதே அறுபதுதான்.

பெரிய மகசினுக்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் கால் ஊன்றி நின்று, மற்றவர்கள் முன்னேறும்வரை எதிரியின் தலையைக் கீழே வைத்திருக்கும் வேலைக்கென்று செய்த துவக்குகள் இருக்கின்றன. சோவியத் இலகு இயந்திரத் துவக்கான ஆர்பிகேக்கு 40 ரவைப் பெட்டியும் 75 ரவை டிரம்மும் அதற்காகத்தான். குழல் தடிப்பு, முன்னால் இரண்டு கால், அந்தப் பாரம் நிலத்தில் இறங்கிவிடும். அது ஒரு குழுவின் வேலை. ஹூஸ்டனில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சுடும் திடலுக்குப் போய்வரும் ஒருவனின் வேலை அன்று.

நிரப்பியபடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடுமா என்றும் அவன் கேட்டிருந்தான். இது எல்லோரும் கேட்பது, என் கடையில் வேறு உருவத்தில் வரும். நல்ல உருக்கில், அதன் எல்லைக்குள் அமுங்கும்படி செய்த ஸ்பிரிங் சும்மா அமுங்கிக் கிடப்பதால் பெரிதாகத் தளராது. அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்து வேலை செய்வதில்தான் தேய்கிறது. எல்லையை மீறி அமுக்கிய ஸ்பிரிங் என்றால் கதை வேறு. மலிவாகச் செய்த பெரிய டிரம்களில் அதுவும் நடக்கும்.

கடைசியில் விலை. அங்கே ஒரு நல்ல முப்பது ரவைப் பிளாஸ்டிக் மகசின் 12, 15 டொலர். நன்றாகச் செய்த அறுபது ரவை வாங்கப் போனால் பெரும்பாலும் 100 டொலருக்கு மேல். அந்தக் காசுக்கு முப்பது ரவை மகசின் ஆறு முதல் எட்டு வரை வரும். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இலக்கம் எழுதி வை, ஒன்று இரண்டு தடவை இறுகினால் அதை மட்டும் எறிந்துவிட்டு மீதியோடு சுடு, பெரியது ஒன்றை வாங்கி அது இறுகினால் உன்னிடம் ஒன்றுமே இருக்காது என்று எழுதினேன். ரவை ஒன்று அரை டொலர் அளவில் விற்கிறது. பல திடல்களில் வினாடிக்கு ஒன்றுக்கு மேல் சுடவும் விடமாட்டார்கள். அந்த வேகத்திலேயே அறுபது ரவை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், முப்பது டொலரும் கூடவே போகும்.

அதற்கு அவன் அனுப்பிய பதில்: "அதெல்லாம் சரி மச்சான், டிரம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கிறதே." அதற்குப் பஞ்சிகாவத்தையில் மருந்தில்லை. வாகனத்துக்குத் தேவையில்லாத பெரிய சைலன்சர் கேட்டு வரும் பொடியன்களுக்கும் நான் கடைசியில் எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறேன்.